பெருங்காய டப்பா

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் உதவியாளராக இருக்கும் பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு மகனை அழைத்துவரும் அந்த அம்மாவுக்கு, கோதுமையால்தான் ஆட்டிசம் வருகிறது என்று யாரோ கொடுத்த போட்டோஸ்டாட் காகிதம்தான் வேதம். கோவிலில் ரவா கேசரி கொடுத்த குருக்களையே கொலைகாரனைப் போலப் பார்ப்பார்.

“கோதுமை மாவு ரொட்டி சானாய் விஷம்லா அக்கா. முன்ன தட்டை வச்சிட்டு வேலைக்கு ஓடிருவேன். இப்ப எல்லா பாக்கெட்டையும் படிச்சுப் பார்த்து, நானே ஊட்டுறேன். மூணு மாசத்துல பையன் என் முகத்தைப் பார்க்கிறான்!”

ஒருநாள் அவர் வீட்டில் சாப்பிட்டேன். சாம்பாருக்குத் தினமும் போடும் பெருங்காய டப்பாவில் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த சாமான் என்பதால் அதை மட்டும் படிக்காமல் நம்பிவிட்டார் போலும்.

சொல்ல வாயெடுத்தேன். சாம்பார் சோற்றைக் கையில் ஏந்தி, “அம்மாவைப் பாரு,” என்று அவர் காத்திருந்தார். அவன் பார்த்தான்.

டப்பாவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.