தோட்டவெளியில் ஒரு ஹீற்றர்

வெயில் கொளுத்தும் மன்னாரில், தன் வான் வண்டிக்குள் சூடு வரவில்லையே என்று கவலைப்பட்ட மனிதர் எனக்குத் தெரிந்து யாகப்பர் ஒருவர்தான்.

யுத்தத்தில் வன்னியெல்லாம் அலைந்து, அகதி முகாமிலும் இருந்துவிட்டுத் தோட்டவெளிக்குத் திரும்பியவர், ஓட்டிப் பிழைக்க ஒரு பழைய ஹையேஸ் வான் வாங்கினார். வாங்கிய கையோடு, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கிற சின்ன வால்வைக் கழற்றி எறிந்தார். எங்கள் பக்கத்துச் சாரதிமார் எல்லோரும் செய்கிற வேலைதான். எஞ்சின் குளிர்ச்சியாக ஓடுமாம்.

முகாமில் மருந்து தந்த சிஸ்டர்மாரோடு ஒட்டிக்கொண்ட மகள் டினோஜா, இப்போது நுவரெலியாவில் கன்னியர் மடத்தில் பயிற்சியில் இருந்தாள். அது முடியும்வரை வீட்டுக்கு வர முடியாது. பெற்றார் ஆண்டுக்கு ஒருநாள் போய்ப் பார்க்கலாம். போன முறை மலை ஏறும்போதே குளிரில் தாய் அருளம்மாவுக்கு மூச்சுத் திணறி முட்டு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஹீற்றரை முழுதாகத் திருப்பியும் ஒப்புக்குத்தான் சூடு வந்தது. பாதி வழியில் ஆஸ்பத்திரி, அங்கிருந்து வீடு. மகளுக்குப் பொரித்த மீனும் கூடவே திரும்பி வந்தது. பிறகு ஆண்டு முழுவதும் அருளம்மா ஏங்கியதைப் பார்க்கச் சகிக்காது.

"இந்த முறையும் பாதி வழியில வானைத் திருப்பினீங்களெண்டால் நான் இறங்கி நடந்து போவன்" என்று சொல்லிவிட்டாள்.

யாகப்பர் ஹீற்றரைக் கழற்றிக் கழுவினார். குழாய்களை மாற்றினார். நடுமதியத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே இருந்து சோதித்தார். வியர்த்துக் கொட்டியது. வெயிலா ஹீற்றரா என்று மனிதருக்கே பிடிபடவில்லை. நாங்கள் வேலியில் நின்று சிரித்தோம். மறுநாள் காலைக் குளிர்ச்சியில் எஞ்சினை ஓடவிட்டு ரேடியேற்றர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார். ஹீற்றருக்குச் சூடு கொடுக்க வேண்டிய தண்ணீர், எஞ்சின் சூடாக முன்னமே அங்கே ஓடி ஆறிக்கொண்டிருந்தது. எறிந்த வால்வு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

உதிரிப்பாகக் கடை வஸீர் நம்பவேயில்லை. "அண்ணன், இது இங்க கழட்டுற சாமானெல்லோ! பூட்டக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்." ஆனாலும் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தார்.

இந்த முறை மலையிலும் வானுக்குள் அடுப்படிச் சூடு. அருளம்மா முட்டு இல்லாமல் மடத்து வாசலில் போய் இறங்கினாள். தூறலில் ஓடிவந்து கட்டிக்கொண்ட மகளின் கைகள் விறைத்துக் கிடந்தன.

"உள்ள ஏறு பிள்ளை."

டினோஜா தாய்க்குப் பக்கத்தில் இருந்து, ஹீற்றர்க் காற்றில் இரண்டு கைகளையும் நீட்டினாள். கண்ணை மூடினாள். பிறகு அழுகை வந்துவிட்டது.

"எங்கட ஊர் வெக்கை அப்பா. இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ."

யாகப்பர் கூட்டினார். பார்க்கும் நேரம் முடிந்து மடத்து மணி அடிக்கும்வரை மூவரும் அப்படியே இருந்தார்கள்.

திரும்பும்போது தம்புள்ளை தாண்டியதும் வெளியிலேயே வெக்கை. ஹீற்றரை மூட அவர் கையை நீட்டினார். அருளம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, நிப்பாட்டாதேங்கோ. பிள்ளை இருந்த சூடு."

வியர்த்து ஒழுக ஒழுக, மன்னார்வரை அப்படியே வந்து சேர்ந்தார்கள்.