அம்மா வந்த ஞாயிற்றுக்கிழமை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். கொரியன் சீரியல் என்றால் எனக்கு உயிர். நான் பார்ப்பவற்றில் வில்லி, பழிவாங்கல் எதுவும் இருக்காது. ஒரு குடும்பம் சமைக்கும், சாப்பிடும், சின்னதாகச் சண்டை போட்டுச் சேர்ந்துகொள்ளும். நம் வீட்டைப் பார்ப்பது போலவே இருக்கும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து அம்மா திடீரென்று வந்தார். நான் போனில் சீரியல் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்.

"இன்னாடி அழுவுற?"

"இந்தம்மாவுக்கு கேன்சர்மா. பொண்ணுகிட்ட சொல்லவே மாட்டேங்கிறாங்க."

"எப்படிச் சொல்லுவா, பாவம்" என்றார் அம்மா. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலு எபிசோடு முடிவதற்குள் மீன் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதம் தம்பி போன் செய்தான். அம்மாவுக்கு மார்பில் கட்டி, முற்றிவிட்டதாம்.

"உன்கிட்ட சொல்லத்தான்க்கா அன்னிக்கு வந்தாங்க. 'அவளே அழுதுனு இருந்தா, எப்படிச் சொல்றது'ன்னாங்க."

பொங்கலுக்கு முன்பே அம்மா போய்விட்டார்.

இப்போதும் சீரியல் பார்க்கிறேன். ஆனால் யார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இன்னா விஷயம், சொல்லு" என்று கேட்கிறேன். அம்மாவிடம்தான் கேட்காமல் விட்டுவிட்டேன்.