எல்லாப் போரிலும் செத்தவர்

டெல்பர்ட் ஹோல்ஷர் முதலில் இடது முழங்காலை மடக்குகிறார். அடுத்து, கையிலிருக்கும் ஸ்பானரைத் துப்பாக்கியாகப் பாவித்து நழுவ விடுகிறார். பிறகு நெஞ்சைப் பிடித்தபடி ஓர் அரைச்சுற்று, ஒரு முனகல், மல்லாக்க ஒரு விழல். வீட்டுக்கு வீடு தோட்டத்துத் தொட்டியில் கேஸ் நிரப்ப லாரியோடு வருகிறவர், வேலை முடிந்ததும் புல்வெளியில் இப்படிச் செத்து விழுந்தால் சன்னலில் நிற்கும் பெண் என்னதான் செய்வாள்? புதிதாகக் குடிவந்தவள் ஆம்புலன்ஸை அழைத்தாள். பழகியவர்கள் திரையை இழுத்து விட்டுக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் மிசௌரி ஆற்றங்கரையில் இருக்கும் அவர் ஊர்க் கோட்டை, பீவர் என்ற நீர்ப்பிராணியின் தோல் வியாபாரத்துக்காகக் கட்டியது. பின்னால் பட்டாளம் வந்தது. உள்நாட்டுப் போரில் கோட்டை கை மாறிக்கொண்டே இருந்தது. ஊர் வரலாற்றுச் சங்கம் ஒவ்வொரு சண்டையையும் வருஷந்தோறும் நடித்துக் காட்டுகிறது. டெல்பர்ட் வசந்தத்தில் தோல் வேட்டைக்காரனாக அம்பு பட்டுச் சாவார். கோடையில் ஆங்கிலேயரோடு நடந்த போரில் குண்டு பட்டுச் சாவார். மெக்சிகோ படையெடுப்புக்குப் புறப்பட்ட குதிரைப் படையில், ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே காய்ச்சலில் போய்ச் சேருவார். அந்த வட்டாரத்துப் போர் எதிலும் அவர் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை.

அவரை விட்டால் சங்கத்துக்கும் வேறு கதி கிடையாது. மற்றவர்களைச் சாக வைப்பது லேசுப்பட்ட காரியமா? "சொந்தக் காசுல வெடிமருந்து வாங்கிட்டு வந்திருக்கான். அதச் சுட்டுத் தீக்காம எவன் சாவான்?" என்பார் டெல்பர்ட். அரைமணி நேரம் பீரங்கி முழங்கியும் ஒருத்தன்கூட விழவில்லை என்றால் பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட மாட்டார்களா? முதல் வெடிக்கே இவர் விழுவார். உள்நாட்டுப் போருக்கு வடக்கரின் நீலச் சட்டை, தெற்கரின் சாம்பல் சட்டை இரண்டையும் லாரியில் வைத்திருப்பார். எந்தப் பக்கம் ஆள் குறைகிறதோ அந்தப் பக்கம். "செத்தவனுக்கு ஏதுய்யா கட்சி?"

ஒரே ஒரு குறை. செத்ததும் தூங்கிவிடுவார்.

போன வருஷம் சண்டை ஓய்ந்து, மாண்டவர்களுக்காகப் பாதிரியார் மௌனம் காக்கச் சொன்ன நேரத்தில், புல்தரையிலிருந்து ஒரு குறட்டை புறப்பட்டது. ஜெபத்தை யார் கேட்டார்கள்? கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சங்கத் தலைவி வெர்லீன் ட்வென்டர் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியும் அவள் கையில்தான், போரும் அவள் கையில்தான். இந்த வருஷச் சண்டைக்கு முன்பே எச்சரித்துவிட்டாள்.

"இந்தத் தடவ குறட்டச் சத்தம் கேட்டுச்சு, அடுத்த வருஷத்துலேர்ந்து நீ சமையல் கூடாரத்துல பீன்ஸ் கிண்டப் போற, டெல்பர்ட்டு!"

"சமையல்காரனா? அவன் கடைசி வரைக்கும் சாகவே மாட்டானே!"

"ஆமா. உசுரோட கெட."

டெல்பர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. மனிதருக்கு வாழ்க்கையில் நன்றாக வந்தது அந்த ஒன்றுதான். மனைவி லோரீன் ஆறுதல் சொல்லுகிற ரகம் இல்லை. "சர்ச்சுலயே முழிச்சிருக்க மாட்டீங்க. சண்டையிலயா முழிக்கப் போறீங்க?" என்றாள். சொல்லிவிட்டு, தெருமுனை மரத்தடியில் உதிர்ந்து கிடந்த முள்காய்களைப் பொறுக்கி வந்து அவருடைய நீலக் கோட்டின் முதுகுக்குள் வரிசையாக வைத்துத் தைத்தாள்.

உள்நாட்டுப் போரை நடித்த சனிக்கிழமை முதல் வெடியிலேயே டெல்பர்ட் விழுந்தார். முள்காய் அத்தனையும் ஒரே நேரத்தில் முதுகில் இறங்க, அவர் போட்ட அலறலுக்கு முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் பக்கத்தில் தொப்பென்று இன்னொரு உடல். படைத் தலைவர் ராய் ட்வென்டர், வெர்லீனின் வீட்டுக்காரர்.

"நீ ஏன்யா செத்த?" என்று உதடு அசையாமல் கேட்டார் டெல்பர்ட்.

"துப்பாக்கி வெடிக்க மாட்டேங்குது. சும்மா நின்னா அவ திட்டுவா."

சண்டை ஓய்ந்தது. பாதிரியார் தலை குனிந்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. டெல்பர்ட்டுக்குத் தூக்கம் கிட்டேயே வரவில்லை. முதுகு பற்றி எரிந்தது. ஆனாலும் மனசு குளிர்ந்து கிடந்தது. ஜெயித்தாயிற்று என்று நினைத்த நேரத்தில் காதோரம் மெல்ல ஒரு விசில் கேட்டது. விசில் உறுமலாயிற்று. உறுமல் மைதானம் முழுக்க உருண்டு போயிற்று. ராய் தூங்கிவிட்டார்.

எங்கோ ஒருவர் களுக்கென்றார். அப்புறம் கேட்க வேண்டுமா?

"டெல்பர்ட் ஹோல்ஷர்!" என்று ஒலிபெருக்கி சீறியது. "உன் கொறட்ட எனக்குத் தெரியாதா? இதோட சரி! இனிமே பீன்ஸ்தான்!"

ஒரு வார்த்தை போதும், 'நான் இல்லை' என்று. ஆனால் செத்தவன் வாயைத் திறந்தால் அப்புறம் அது என்ன சாவு? இத்தனை வருஷம் கட்டிக் காத்த மானம் என்னாவது? திறக்காவிட்டால் ஆயுள் முழுக்க உயிரோடு கிடக்க வேண்டும். அநியாயம் தாங்காமல், மூடிய இமையோரம் ஒரு சொட்டு வழிந்தது.

கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண் திறக்காமல், முகத்தில் ஒரு நரம்பும் அசையாமல், பிணத்தின் வலது கை மட்டும் மெதுவாக மேலே எழுந்தது. ஆள்காட்டி விரல் நீண்டது. பக்கத்தில் மூக்கு விடைக்க உறங்கும் ராயை அது நன்றாகக் காட்டியது. வெர்லீன் பார்த்தாளா என்று நிதானமாக ஒரு கணம் காத்திருந்தது. பிறகு லேசாக நடுங்கி, அரைச்சுற்றுச் சுற்றி, மறுபடி செத்து விழுந்தது.