மீஞ்சூரில் ஏறும் ஒரே பெயர்

ஃபங்ஷனல் புரோகிராமிங் என்கிற கணினி நிரல் எழுதும் முறை எனக்குக் கைவந்துவிட்டது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. வீடியோக்களில் வரும் பயிற்சிகளையெல்லாம் போட்டு முடித்திருந்தேன். இருக்கிற பட்டியலில் கைவைக்காதே, மாற்றம் வேண்டுமானால் புதிதாக ஒன்றை உண்டாக்கு என்பது அதில் முதல் விதி. இருபது வரிப் பயிற்சியில் அதைக் காப்பாற்றுவது பெரிய காரியமில்லை. எனக்கு அது வெறும் ஆசாரமாகத்தான் பட்டது.

அந்தத் தெம்பில், கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பேருந்து ஏற்பாட்டை முழுக்க அந்த முறையில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். தினமும் காலையில் அன்று வருகிறவர்களின் பெயர்கள் ஓட்டுநரின் போனுக்குப் போக வேண்டும். பெயரே இல்லாத நிறுத்தத்துக்கு வண்டி போகாது. ஷிஃப்ட், விடுப்பு, வழித்தடம் என்று நிரல் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு வளர்ந்தது. ஒரே ஓர் இடத்தில் சோம்பல்பட்டேன். விடுப்பில் இருப்பவரை விட்டுவிட்டுப் புதுப் பட்டியல் போடாமல், மூலப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டேன். ஒரு வரிதானே என்று நினைத்தேன்.

ஒரு நாள் விடுப்பு எடுத்தால் பெயர் அதோடு போயிற்று. மற்ற நிறுத்தங்களில் இது யாருக்கும் தெரியவில்லை. வேறு ஆட்களுக்காக வண்டி எப்படியும் நின்றது, பெயர் விட்டுப்போனவர்களும் முகப் பழக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். மீஞ்சூரில் ஏறுகிறவர் ஒரே ஒருவர். பேக்கிங்கில் ஒப்பந்த வேலை செய்பவர், எனக்கு மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மகளைப் பள்ளியில் சேர்க்க ஒரு நாள் விடுப்பு எடுத்தார். மறுநாள் வண்டி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் ஒப்பந்த ஆளுக்கு வேலை கிடையாது.

மூன்றாம் நாள் ரயில் பிடித்து வந்து கேட்டில் நின்றார். பேருந்து விஷயம் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

"லீவு போட்டதுக்கு நிறுத்திட்டாங்கோன்னு நென்ச்சுக்கினு ரெண்டு நாளா ஊட்லயே குந்திகினு இருந்தேன்" என்றார்.

"ஒரு போன் பண்ணி கேட்டிருக்கலாம்லக்கா?"

"இன்னான்னு கேக்கறது? வேணான்னா வண்டி வராது. முன்னாடி இருந்த கம்பெனில அப்டித்தான் ஆச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன், அக்காவின் வேலை தப்பியது.

பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து, மூலப் பட்டியலை எந்த வரியும் தொட முடியாதபடி மாற்றி எழுதினேன். சின்னப் பயிற்சியில் தப்புச் செய்தவனும் நானே, அதை அனுபவிக்கிறவனும் நானே. பெரிய வேலையில் நான் அலட்சியமாகக் கைவைத்த இடத்துக்கு வெகுதூரத்தில் யாரோ சாலையோரம் காத்து நிற்கிறார்கள். விதி அவர்களுக்காக இருக்கிறது என்பது எந்த வீடியோவிலும் எனக்கு உறைக்கவில்லை.

அக்கா அதன்பின் விடுப்பே எடுக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்ற அன்றும் வந்தார்.

"லீவு போடுங்கக்கா, சரி பண்ணிட்டேன்" என்றேன்.

"மொதல்லயும் சரின்னுதான நென்ச்சிருப்ப?"

கடைசியில், மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக ஒரு நாள் விடுப்பு எடுத்தார். மறுநாள் காலை, தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, ரயிலில் மீஞ்சூர் போய் அந்த நிறுத்தத்தில் நின்றேன். எனக்கு முன்பே அவர் வந்திருந்தார்.

"நீ இன்னா இங்க? உனுக்கும் பயமா?"

"ஆமாக்கா."

இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். வண்டி வளைவில் திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்றது. ஓட்டுநர் போனைப் பார்த்தார்.

"அக்கா பேரு இருக்குது. உன் பேரு இல்லியே சார்?"

அக்கா படியில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி திரும்பி என்னைப் பார்த்தார்.

"எங்கூட வந்துகிறாருண்ணா. ஏத்திக்க."