நாற்பத்திரண்டு என்று சொன்ன குரல்

4.3.2012 – வானொலியில் அகதாவின் முதல் நிகழ்ச்சி: ஊதியம் 60 மலேசிய வெள்ளி.
6.1.2019 – உயர்த்திய ஊதியம்: 75 வெள்ளி.
10.10.2021 – வானொலியில் கடைசி நிகழ்ச்சி: 75 வெள்ளி.
28.11.2021 – ஒலிவாங்கியும் தாங்கியும் வாங்கிய செலவு: 174 வெள்ளி.
5.12.2021 – இணையத்தில் முதல் ஒலிபரப்பு: வருமானம் இல்லை.

அகதா ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி மகள். வார நாட்களில் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு பல் மருத்துவரிடம் பெயர் பதிபவள். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்து மணி வரை வானொலியில் நேயர்களோடு பேசுவாள். தண்ணீர் வரவில்லை, பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை என்று தோட்டத்து மக்கள் அவளைத்தான் அழைத்தார்கள். போன வாரம் அழைத்தவரின் காரியம் என்ன ஆயிற்று என்று அடுத்த வாரம் மறக்காமல் கேட்க வேண்டும் என்பதற்காக, அழைப்புகளைக் குறித்துவைக்கும்படி என்னிடம் கேட்டுக்கொண்டாள். அந்தத் தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டு கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். நேரம், பெயர், சொன்ன வார்த்தை எல்லாம் எழுதினேன்.

14.6.2015 அன்று அவளுடைய 172ஆவது நிகழ்ச்சி. தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் அதிகாரி ஒருவர் நிலையத்துக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். காலை 9.41க்கு அவர் சொன்னது என் நோட்டில் இப்படி இருக்கிறது: "ஏழாங்கட்டையில இருக்கிற நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் கம்பெனி வீடு கட்டிக் கொடுக்கும். யாரும் வெறுங்கையோட போகமாட்டாங்க."

ஆறு ஆண்டுகள் ஒரு செங்கல் வரவில்லை. 27.9.2021 அன்று தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்தான் வந்தது.

அடுத்த மாதம் பத்தாம் தேதி, மூன்றாம் லயத்து நல்லம்மாள் நிகழ்ச்சிக்கு அழைத்தார். "ஏம்மா அகதா, அன்னிக்கு உன் முன்னாடி உக்காந்து வீடு தர்றேன்னு சொன்னானே, அவன் செத்துட்டானா, இருக்கானா?" என்று தொடங்கி ஏழு நிமிடம் பேசினார். அகதா குறுக்கிடவில்லை.

அந்த நிலையத்தில் நாளுக்கு எட்டு முறை விளம்பரம் செய்வது அதே கம்பெனியின் வீடமைப்புப் பிரிவு. செவ்வாய்க்கிழமை நிலைய நிர்வாகி பவனேஷ் அழைத்தான். அப்போது நான் அகதாவின் வீட்டில் இருந்தேன். அவள் போனை மேசைமேல் வைத்து எனக்கும் கேட்கும்படி செய்தாள்.

"அக்கா, நீங்க பாட்டு போடுங்க, பர்த்டே விஷ் பண்ணுங்க, ஓகே. நிலம், வீடு எல்லாம் நமக்கு எதுக்கு லா?"

"நமக்கா? எங்களுக்குத் தம்பி. நீ கொண்டோ அடுக்குமாடியில இருக்க."

"அக்கா, சென்சிட்டிவ் விஷயம் லா."

"ஆமா, வாக்கு கொடுத்தவனுக்குக் கூசும்தான்."

அன்று மாலையே நிகழ்ச்சி நிறுத்தப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஒன்பதரை ஆண்டு உழைத்தவளுக்கு ஒரு கடிதம் அடிக்கக்கூட அங்கே ஆள் இல்லை.

இணைய ஒலிபரப்பு அவள் வீட்டுச் சமையலறையில் தொடங்கியது. முதல் நாள் கேட்டவர்கள் இருபத்து மூன்று பேர். "அதுல பாதிப் பேரு என் சொந்தக்காரங்க, மீதிப் பேரு வழி தவறி வந்தவங்க" என்று நேயர்களிடமே சொல்லிச் சிரித்தாள். ஆனால் இங்கே யாரும் அவள் வாயை மூட முடியாது. இரண்டாம் வாரமே நல்லம்மாளை மறுபடி பேசவைத்தாள்.

லயத்து மக்களுக்காக நாங்கள் போய்ப் பார்த்த வழக்கறிஞர் என் நோட்டை இரண்டு முறை படித்தார். "ஐயா, நீங்க எழுதினதுல தப்பில்ல. ஆனா நீங்க தோட்டத்து ஆளு. கம்பெனிக்காரன் நீங்களா எழுதிக்கிட்டதுன்னு சொல்வான். அந்தக் குரல் வேணும்" என்றார். நிலையத்திடம் பதிவைக் கேட்டோம். வெளியாருக்குத் தருவதில்லை என்றார்கள். அந்த நிகழ்ச்சியை நடத்திய அகதாவே அவர்களுக்கு வெளியாள்!

நான் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். அதிகாரி பேசுவதற்கு மூன்று நிமிடம் முன்பு, 9.38க்கு, ஒரு பிறந்தநாள் வாழ்த்து. கிளாரிஸ்ஸா, ஒரு வயது, தந்தை ஆர்தர், இரண்டாம் லயம். எங்கள் பக்கத்தில் வானொலியில் பிள்ளையின் பெயர் வருகிறது என்றால் பெட்டிக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்யாத வீடு கிடையாது. ஆனால் ஆர்தர் இப்போது லயத்தில் இல்லை. 2018இல் கம்பெனி இரண்டாம் லயத்துக்குத் தண்ணீரை நிறுத்தியது. பதினோரு நாள் ஆற்றுத் தண்ணீர் சுமந்துவிட்டுப் பிள்ளையோடு கிளம்பிப் போனவர். இடம் யாருக்கும் தெரியவில்லை.

6.2.2022 முதல் ஒவ்வொரு ஞாயிறும் அகதா, அந்தப் பிறந்தநாள் பதிவு இருக்கிறதா என்று கேட்டு, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்றாம் வாரம் புக்கிட் பெருந்துங்கிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, ஆர்தர் பேசுறேன். பழைய போனோட மெமரி கார்டு பீரோவுல இருக்கு. மக பேரு வந்ததும் எல்லாரும் போன நிறுத்திட்டுக் கேக் வெட்டப் போவாங்க. நாங்க நிறுத்த மறந்துட்டோம் லா. பதினாலு நிமிசம் ஓடியிருக்கு."

"அந்த ஆளு பேசுறது இருக்கா?"

"இருக்குக்கா. என் மச்சான் நடுவுல கேக் கேட்டுக் கத்துறான். அதையும் சேர்த்துத்தான் கேக்கணும்."

27.2.2022 அன்று அகதா அதை ஒலிபரப்பினாள். கைதட்டலுக்கும் மச்சானின் கூச்சலுக்கும் இடையே நாற்பத்திரண்டு என்ற சொல் தெளிவாகக் கேட்டது. என் நோட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. நான்கே நாளில் நிலையத்தின் வக்கீல் கடிதம் வந்தது: அந்த ஒலி எங்கள் சொத்து, உடனே நீக்கு. நாங்கள் கேட்டபோது இல்லாத அவசரம்! அகதா அந்தக் கடிதத்தை ஒலிபரப்பில் முழுதாகப் படித்துவிட்டு, பதிவை மூன்று முறை போட்டாள். அன்று கேட்டவர்கள் 6,118 பேர்.

15.8.2022 அன்று கம்பெனி இறங்கி வந்தது. வீடு கட்டித் தரும். ஆனால் இப்போது லயத்தில் குடியிருக்கும் இருபத்தொன்பது குடும்பங்களுக்கு மட்டும். இடையில் வெளியேறிய பதின்மூன்று குடும்பங்களுக்கு இல்லை. தண்ணீரை நிறுத்தி விரட்டியவர்களே, நீ இங்கே இல்லையே என்று பெயரை அடித்தார்கள். அந்தப் பதின்மூன்றில் ஒன்று ஆர்தர் குடும்பம். அவர் வீட்டுப் பதிவால் நல்லம்மாளுக்கு வீடு. அவருக்கு இல்லை.

அகதாதான் அவரிடம் சொன்னாள்.

"பரவால்லக்கா, நல்லம்மா ஆயிக்காவது கெடச்சுதே."

"பரவால்லன்னு சொல்லாத ஆர்தர். சொன்னா நானே உன்னத் திட்டுவேன்."

அன்றிரவே பதின்மூன்று பெயர்களையும், ஒவ்வொருவரும் வெளியேறிய தேதியையும், காரணத்தையும் நான் எழுதிக் கொடுத்தேன். அகதா கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினாள். இரண்டு நினைவூட்டல்களும் அனுப்பினாள். ஞாயிறுதோறும் அந்தப் பெயர்களை ஒலிபரப்பில் படித்தாள், படிக்கிறாள்.

கம்பெனியின் பதில் ஒரே வாக்கியம். இந்த விவகாரம் முடிந்துவிட்டது, இனி எழுத வேண்டாம். பதின்மூன்று பெயர்களில் ஒன்றுகூட அதில் இல்லை. அந்தக் கடைசிக் கடிதம் அகதாவின் கைக்கு வந்தது 23.11.2022, புதன்கிழமை.