விசாரணையம்மா கேட்ட குரல்

இருபத்தாறு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணை மேசையில் உட்கார்ந்து, தொலைபேசியில் பதில் சொன்னவர் அவர். டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் விசாரணையம்மா. தெருவிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பஸ் எத்தனை மணிக்கு என்பதைக்கூட அக்கம்பக்கத்தார் அவரிடம்தான் கேட்பார்கள். அவரும் சளைக்காமல் சொல்வார்.

வேலைக்குச் சேர்ந்த வாரமே மேலாளர் சொல்லியிருந்தார்: "அந்தப் பக்கம் அழுதாலும் சரி, திட்டினாலும் சரி, உங்க குரல் மாறக்கூடாது. தகவல் மட்டும் போகணும்." விசாரணையம்மா அதை நன்றாகவே கற்றுக்கொண்டார். குழந்தை பிறந்த சேதிக்கும் ஆள் போன சேதிக்கும் ஒரே குரல்தான்.

அச்சகத்தில் வேலை பார்த்த அவருடைய கணவர், நுரையீரல் கெட்டு அதே ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் படுத்தார். பதினோராம் நாள் காலையில் போய்விட்டார். வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த ஒரே மகளுக்கு, விசாரணையம்மாதான் மேசைத் தொலைபேசியிலிருந்து தகவல் சொன்னார்.

"ரெண்டாவது மாடி, பதினாலாம் படுக்கை நோயாளி காலைல பத்து நாப்பதுக்கு இறந்துட்டாங்க. உறவினர் யாராவது நேர்ல வரணும்."

மகள் கேட்டாள்: "மேடம், எங்கம்மா எங்க இருக்காங்க? அவங்ககிட்ட குடுங்க."

"நான்தாம்மா பேசுறேன்."

அதற்குப் பிறகு மகள் சண்டை ஏதும் போடவில்லை. படித்து முடித்து, அந்த ஊரிலேயே வேலை தேடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வைக்கிறேன். அவளுக்கு வேலை அதிகம் என்று விசாரணையம்மா நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கலைக்கூடத்தில் பகல்நேர வேலை கிடைத்தது. அங்கே ஒரு பெண் கலைஞர் நடுக்கூடத்தில் ஓர் அறை கட்டியிருந்தார். சுவர் முழுக்கத் தடித்த கம்பளி, உள்ளே ஒரே ஒரு நாற்காலி, கும்மிருட்டு. வருகிறவர் தனியாக உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பேச வேண்டும். பேசி ஒரு நிமிடம் ஆனதும் அந்தக் குரலே நான்கு சுவர்களிலிருந்தும் திரும்பி வரும். செருப்பையும் போனையும் வாங்கி வைப்பதும், கதவைச் சாத்தி ஏழு நிமிடம் கழித்துத் திறப்பதும் விசாரணையம்மாவின் வேலை. உள்ளே போன பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். "காசு குடுத்து அழுறாங்க" என்று கலைஞரிடமே ஒருநாள் சொன்னார். கலைஞர் சிரித்துவிட்டார்.

ஒருநாள் ஒரு பக்கத்து ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பழுது பார்க்க வந்த மின்பணியாளர், "அக்கா, சும்மா உள்ள உக்காந்து ஏதாவது பேசுங்க, நான் வெளிய பாத்துக்கிறேன்" என்றார்.

இருட்டில் என்ன பேசுவது? வாய்க்குப் பழகியதுதான் வந்தது. "வணக்கம், விசாரணைப் பிரிவு. நோயாளி பேர் சொல்லுங்க. படுக்கை எண் சொல்லுங்க. பொறுத்திருங்க."

ஒரு நிமிடம் கழித்து அது திரும்பி வந்தது.

அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதேயில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த துணிபோல் மடிப்புக் கலையாத குரல். யாரோ ஒருத்தி. அவளிடம் எதையும் கேட்கத் தோன்றாது. கேட்டாலும் கிடைக்காது. மகள் காதில் அன்று விழுந்தது இதுதான் என்று விசாரணையம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மின்பணியாளர் இரண்டு முறை கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்து வந்தார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மகளுக்கு போன் போட்டார். அன்று ஞாயிறு இல்லை.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல. அன்னைக்கு அப்பா விஷயத்தை உனக்கு நான் சொன்ன விதம்... இன்னைக்குத்தான் எனக்கே கேட்டுச்சு."

"ஒண்ணு கேக்கணும்னு பதினோரு வருஷமா நெனச்சுட்டிருக்கேன். அப்பா போகும்போது நீ பக்கத்துல இருந்தியா?" என்றாள் மகள்.

இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். உறவுக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

"இல்லடி. மேல இருந்து நர்ஸ் கூப்பிட்டு உடனே வாங்கன்னாங்க. மூணு போன் காத்துட்டிருந்துச்சு. முடிச்சுட்டுப் போலாம்னு எடுத்தேன். ஒருத்தர் பார்வை நேரம் கேட்டார். ஒரு அம்மா ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருச்சான்னு கேட்டாங்க. மூணாவது ராங் நம்பர். மேல போனப்ப முகத்தை மூடிட்டாங்க."

"ராங் நம்பரா?"

"ஆமா. அதுக்கும் நிதானமா பதில் சொல்லிட்டுத்தான் போனேன்."

"நான் வைக்கிறேம்மா."

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இவராகக் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்தது. கண்காட்சி முடிந்து, கம்பளியைச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். வேறொரு கண்காட்சிக்கு அவரையே வாசலில் நிற்கச் சொன்னார்கள். நின்றார். யாரேனும் சந்தேகம் கேட்டால் வாய் திறக்கவே கூச்சமாக இருந்தது. கையை நீட்டி வழி காட்டினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை முற்பகலில் மகள் ஒரு தோள்பையோடு வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். சோறு போட்டபோது பாதித் தட்டிலேயே கையை நிறுத்தினாள்.

"எனக்குக் கோவம் தீரலம்மா. தீருமான்னும் தெரியல. சமாதானம் ஆயிட்டேன்னு நெனச்சுக்காத."

"சரிம்மா."

"நீ பொய்யாவது சொல்லியிருக்கலாம்."

விசாரணையம்மா ஏதோ சொல்ல வந்தார்; பாதியில் குரல் உடைந்துவிட்டது. மகள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வரவில்லை. தண்ணீர்ச் செம்பை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சாப்பிட்டு முடித்து, அப்பாவின் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். விசாரணையம்மா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். மகளின் தலையைத் தொட வேண்டும்போல் இருந்தது. தொட்டால் எழுந்து ஊருக்குக் கிளம்பிவிடுவாளோ என்று, கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.