வே. சத்தியநாதனின் இனிஷியல்

சிட்லபாக்கம் வே. சத்தியநாதன் ராக் இசைக் கலைஞர். இசைத்தட்டுத் தயாரிப்பாளரும் ஆவார். முதலாவது அவரே தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். இரண்டாவது, ஒரு படிவத்தின் மூன்றாம் பத்தியில் ஏறிய பட்டம். அப்படிவத்தைத் தட்டச்சு செய்தவன் நான். கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது.

அவருடைய தந்தை வேதமாணிக்கம் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கும் அங்கேயே ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்தார். 1966 ஜூனில் சேர்ந்த மகன், பதினோராம் நாள் கிதாரோடு வெளியே வந்தார். நண்பர்கள் மூவரைச் சேர்த்து, 'லெவல் கிராசிங்' என்ற குழுவைத் தொடங்கினார். பெயர் பொருத்தமானதே. பாட்டு தொடங்கும், நின்றுவிடும், எல்லாரும் காத்திருப்பார்கள். பிறகு ஏதோ ஒன்று பெருஞ்சத்தத்துடன் கடந்து போகும்.

மனைவி ஹில்டா பள்ளி ஆசிரியை. அவருடைய சம்பளத்தில்தான் புதுமைகள் நடந்தன. "சாமி இல்லேங்கறவன்கூட இவர் பாட்டைக் கேட்டா ஜெபம் பண்ணுவான், சீக்கிரம் முடியணும்னு" என்று அவர் கணவரை வைத்துக்கொண்டே சொல்வார். கணவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

புதுமைகள் பல. கர்நாடக இசையையும் ராக் இசையையும் இணைக்க முயன்றார். இரண்டும் அவரிடமிருந்து தப்பித்துக்கொண்டன. கிதாரில் வீணைக் கம்பியைக் கட்டினார். கம்பி அறுந்து டிரம்ஸ்காரரின் கன்னத்தைக் கிழித்தது. மூன்று தையல் போடப்பட்டது. அதையும் ஒரு கல்லூரிப் பத்திரிகைக்கு 'பரிசோதனை' என்றே சொன்னார்.

1971இல் பம்பாயிலிருந்த ஒரு சிறிய கம்பெனி அவருடைய 'ஏரிக்கரை ஏஞ்சல்' என்ற பாட்டை இசைத்தட்டாக வெளியிடச் சம்மதித்தது. ஒலிநாடாவை அவரே பதிந்து அனுப்ப வேண்டும். வெளிநாட்டுத் தட்டுகளில் கேட்கிற எக்கோ தமக்கும் வேண்டும் என்று அவர் மேற்குத் தாம்பரத்தில் இருந்த என் ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார். அதற்கான இயந்திரம் எங்கும் கிடைக்கவில்லை. நான் யாரிடமும் தொழில் பயின்றவன் அல்லன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ரேடியோக்களை வாங்கிப் பிரித்துக் கற்றவன். எட்டு நாள் யோசித்தேன். சிட்லபாக்கத்தில் சத்தியநாதன் வீட்டுத் தெருக்கோடியில், மாடு வளர்த்த கங்கையம்மாளின் தோட்டத்தில் ஆழமான உறைகிணறு ஒன்று இருந்தது. வாளிக்கயிற்றில் ஒலிபெருக்கியைக் கட்டித் தண்ணீர்மட்டம் வரை இறக்குவது, பாட்டை அதன் வழியே ஒலிக்கவிடுவது, பத்தடி மேலே மைக்கைத் தொங்கவிட்டு, கிணறு திருப்பித் தருவதைப் பதிவது என்பது என் திட்டம்.

தெருவே தேவாலய ஆராதனைக்குப் போயிருந்த ஞாயிறு காலையில் வேலையைத் தொடங்கினோம்.

"இன்னா சார், ரேடியோவ குளிப்பாட்டிகினு கீறீங்க?" என்றார் கங்கையம்மாள்.

"பாட்டுக்கு எக்கோ எடுக்கறோம்மா."

"அத்த எடுத்துக்க. கயித்த மட்டும் வெச்சிட்டுப் போ. மாட்டுக்குத் தண்ணி எறைக்கணும்."

மூன்று பதிவுகளை மீனம்பாக்கத்து விமானங்களும் ஒன்றைக் கங்கையம்மாளின் சேவலும் கெடுத்தன. ஐந்தாவது பதிவு தேறியது. அதைக் கேட்ட சத்தியநாதன் கண் கலங்கிவிட்டார்.

"தம்பி, இது நான்தானாடா?"

"நீங்கதாண்ணா. கிணத்துல விழுந்தா எல்லாரும் இப்படித்தான்."

"கிண்டல் பண்ணாதே. உன் பேரு என் பேருக்குப் பக்கத்துலயே வரும். இது சத்தியம்."

அவர் காப்பாற்றிய ஒரே வாக்கு அது. அளவுக்கு மீறிக் காப்பாற்றினார்.

கம்பெனியின் படிவத்தில், 'பெயர்களில் இனிஷியல் கூடாது' என்று தடித்த எழுத்தில் இருந்தது. என் முழுப்பெயர் த. வேதசிரோமணி. விதிப்படி 'த.' என்பதை நீக்கினேன். சத்தியநாதனோ, "வே. இல்லாம அடிச்சே, எங்கப்பா வீட்டுக்குள்ள விடமாட்டார்" என்று அடம்பிடித்தார். ஆகவே தயாரிப்பாளர்கள் என்ற இடத்தில் 'வே. சத்தியநாதன், வேதசிரோமணி' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். பம்பாய் எழுத்தர் அதைப் படித்தார். ஒரு பெயரில் இனிஷியல் நிற்கிறது. அதே எழுத்தில் தொடங்கும் முழுச்சொல் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் பொறுப்புள்ளவர். இரண்டையும் சேர்த்துவிட்டார். 1972 பிப்ரவரியில் வந்த தட்டின் நடுவில், 'தயாரிப்பு: வேதசிரோமணி சத்தியநாதன்' என்று அச்சாகியிருந்தது.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. என் மகனாகிவிட்ட சத்தியநாதனுக்கு முப்பத்திரண்டு.

தட்டு வந்த மூன்றாம் நாள் வேதமாணிக்கம் என் கடைக்கு வந்தார்.

"ஏண்டா சிரோமணி, இவனை நீ எப்போடா பெத்தே?"

"ஐயா, நான் பெறலீங்க. எக்கோ மட்டும்தான் குடுத்தேன்."

"முப்பத்திரண்டு வருஷமா சோறு போட்டவன் நான். பேரு உனக்கா? கோயில்ல ஜனங்க சிரிக்குதுடா!"

பக்கத்தில் நின்ற சத்தியநாதன், "அப்பா, தம்பியைத் திட்டாதீங்க. அடுத்த பிரிண்ட்ல சரிபண்ணிடலாம். அவன் பேரு தனி வரியில வந்துடும்" என்றார். "லெட்டரை நீங்களே எழுதிடுங்க. உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கும்."

தந்தையின் ஆங்கிலம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மகனின் ஞானஸ்நானச் சான்றிதழை இணைத்து, தந்தையின் பெயர் தவறு என்று ஒன்றரைப் பக்கம் எழுதினார். 1973இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 'தயாரிப்பு: வேதமாணிக்கம் சத்தியநாதன்.' பிழை நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பிழை நான்.

"அப்பா லெட்டர்ல உன்னைப் பத்தி எழுதலையா?" என்றார் சத்தியநாதன்.

"நீங்க படிச்சுப் பார்க்கலையா அண்ணா?"

"நான் எங்கடா படிக்கிறேன்? விடு தம்பி, மூணாவது பிரிண்ட் இருக்குல்ல?"

அந்தத் தட்டை வைத்துக்கொண்டு அவர் கோடம்பாக்கத்துக்குப் போனார். எக்கோவைக் கேட்டுக் கூப்பிட்டார்கள். அதை இன்னொரு முறை செய்யச் சொன்னபோது, மூடு வரவில்லை என்று திரும்பி வந்துவிட்டார். 1975 முதல் ஹில்டாவின் சிபாரிசில் கோயில் பாடகர் குழுவுக்குக் கிதார் வாசிக்கிறார். எக்கோ எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம், "உள்ளேருந்து வரணும்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார்.

மூன்றாம் பதிப்புப் பற்றி வதந்தி கிளம்பிய 1977இல் நான் கம்பெனிக்கு நேரடியாக எழுதினேன். எக்கோ என்னுடையது என்பதற்குச் சாட்சியின் கையொப்பம் கேட்டார்கள். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டு கங்கையம்மாளிடம் போய்ப் படித்துக் காட்டினேன்.

"கயித்துல கட்டி எறக்குனது நீதான். நான் இல்லேங்கல" என்றார். "ஆனா கொரலு குடுத்தது இன்னா? கெணறு. கெணறு யாருது?"

"உங்களுதுதாம்மா."

"அப்போ உங்க தட்டுல எம் பேரு எங்க கீது? அந்தாளு போடல, சரி. நீ இன்னாத்துக்குப் போடல?"

கையொப்பம் இடாமலே மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கடைக்குத் திரும்பி, 1971ஆம் ஆண்டுப் படிவத்தின் கார்பன் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பதிவு செய்த இடம் என்ற வரிசையில் என் தட்டச்சில் 'தாம்பரம்' என்று மட்டுமே இருந்தது.